கொழுஞ்சியேந்தலில் ஒன்பது கண் திறந்த கதை

கொழுஞ்சியேந்தல் எப்படியாப்பட்ட ஊரென்றால், அங்கே ஆடு காணாமல் போனால் யாரும் ஆட்டைத் தேட மாட்டார்கள், எந்த வீட்டில் மிளகு அரைக்கிற வாசம் வருகிறதென்று மோந்துகொண்டே தெருவில் நடப்பார்கள். அப்படி மோந்து மோந்தே மூன்று வருஷத்தில் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை அற்றுப்போய், பரிசம் போட்ட இரண்டு கல்யாணம் நின்றுபோய், கடைசியில் இனி மனுசக் கண்ணை நம்பி ஆகாதென்று நாடக மேடையில் கூடிப் பேசி, ஊருக்கு ஒன்பது கேமரா வைப்பதென்று முடிவுகட்டினார்கள்.

அதை மாட்டிக்கொடுக்க தேவகோட்டையிலிருந்து வந்தவன்தான் சவரிநாதன். ஏணி ஒன்று, சுவரில் துளை போடுகிற மிஷின் ஒன்று, நீல வயர்ச் சுருள் இரண்டு, பழைய லேப்டாப் ஒன்று, இவ்வளவுதான் அவன் சேனை. வீட்டில் அவன் மனைவி ரெஜினா ஆறு மாதம். முதல் இரண்டு பிள்ளையும் வயிற்றில் தங்காமல் போனதால், இந்த மூன்றாவதைப் பற்றிப் பேசினால்கூட அதன் காதில் விழுந்து பயந்துவிடுமோ என்று, காற்றில் விளக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறவர்களைப்போல இருவரும் நாளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ரெஜினா முந்தானையால் வயிற்றை மூடாமல் வாசற்படி தாண்டியதில்லை.

சவரிநாதன் இரண்டு நாளில் வேலையை முடித்தான். ஊர் முகப்பில் ஒன்று, கருப்பர் கோயில் எதிரில் ஒன்று, கண்மாய்க்கரையில் இரண்டு, பட்டிகள் இருக்கிற கீழத்தெருவில் மூன்று, நாடக மேடையில் ஒன்று, பஸ் நிற்கிற இடத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரே வயர்தான். கரண்டு போவதும் அதில்தான், படம் வருவதும் அதில்தான். ஒன்பது வயரும் பூட்டிக்கிடந்த நூலகக் கட்டிடத்துக்குள் போய் ஒரு பெட்டியில் கூடும். அங்கே ஒன்பதுக்கும் வீட்டுக்குக் கதவிலக்கம் போடுகிற மாதிரி நூற்றொன்றிலிருந்து நூற்றொன்பது வரை நம்பர் போட்டு, ஒரு டிவியில் ஒன்பது ஜன்னலாகப் பிரித்துக் கொடுத்தான்.

இந்த வேலையில் ஒரு சங்கதி உண்டு. கேமராவை உயிரில்லாமல் மாட்டிவிட்டு இறங்கிவிட முடியாது. கரண்டைக் கொடுத்து, ஏணிப்படியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒரு சாண் தூரத்தில் மூஞ்சியை வைத்து, மேலே கீழே திருப்பி, பனியன் துணியால் கண்ணாடியைத் துடைத்துத்தான் முறுக்க வேண்டும். அதனால் உலகத்தில் எந்தக் கேமராவும் முதலில் பார்ப்பது மாட்டுகிறவன் முகத்தைத்தான். சவரிநாதன் ஒன்பதுக்கும் அப்படித்தான் தன் முகத்தைக் காட்டினான். அதில் அவன் ஒரு விசேஷமும் காணவில்லை.

ஆனால் ஊர் கண்டது. மண்ணில் செய்த குதிரைக்கே கண் திறக்காமல் கோயிலில் நிறுத்துவதில்லையே, ஊரையே பார்க்கப்போகிற கண்ணை முறையில்லாமல் விடலாமா என்று கேட்டு, ஊர்த் தலைவரான அம்பலம் சின்னழகு, கருப்பருக்குக் குதிரை செய்கிற அரியமுத்து வேளாரை அழைத்துவந்தார். வெள்ளிக்கிழமை காலையில் ஒன்பது கேமராவுக்கும் கறுப்புத் துணி கட்டினார்கள். புதுக் கண்ணுக்கு முன்னால் ஆள் நிற்கக்கூடாது. கண்ணாடியைப் பிடிக்க வேண்டும், அதற்குப் பிறகு சேவலைக் காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் ஊர். புதுக் கண் முதலில் எதைப் பார்க்கிறதோ அதை விடாது, அதனால்தான் அது தன்னையே பார்த்துக்கொள்ளட்டும் என்று கண்ணாடி. வேளார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சவரிநாதனிடம் கேட்டார்.

“அப்பு, இதுகளுக்கு உசுரு குடுத்துட்டு யாரும் முன்னால மூஞ்சியக் காட்டலையே?”

சவரிநாதனுக்கு அன்றைக்குக் காளையார்கோவிலில் வேறொரு வேலை இருந்தது. இது தன் கோயில் முறையும் இல்லை, தன் மாதா சொன்னதும் இல்லை என்றும் நினைத்தான்.

“இல்லைங்கய்யா” என்றான்.

கண்ணாடி பிடித்தார்கள், சேவல் காட்டினார்கள், பெண்கள் குலவையிட்டார்கள். சவரிநாதன் ஏணியைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அம்பலம் போன் செய்தார். ஒன்பது ஜன்னலிலும் நீதான் தெரிகிறாய் என்றார். மாட்டும்போது பதிவானது திரும்ப ஓடுகிறது போலிருக்கிறது, சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்றான் சவரிநாதன்.

“பழசு இல்லப்பா. நீ இப்ப ரசம் ஊத்திச் சாப்பிட்டுக்கிட்டு இருக்க. எடது பக்கம் ஒரு ஈ இருக்கு பாரு.”

சவரிநாதன் இடது பக்கம் பார்த்தான். ஈ இருந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அவன் மாட்டியவை கழுத்தில்லாத கேமராக்கள். மோட்டார் கிடையாது, முறுக்கினது முறுக்கினபடிதான் நிற்கும். ஆனால் ஊர் முகப்புக் கேமரா அவன் வண்டி வருகிற பாதையையே பார்த்துக்கொண்டு நின்றது, அவன் கடந்ததும் சூரியகாந்திப் பூ மாதிரி சத்தமில்லாமல் கூடவே திரும்பியது. திருகாணியெல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. ஆடு பறிகொடுத்த செகப்பாயி என்கிறவள், களையெடுக்கப் போகிற வழியில் நின்று, காலையில் எட்டு மணிக்கெல்லாம் இதுகள் மேற்கே திரும்பின, ஒன்பதுக்கு நீ உன் வீட்டுக்காரியோடு ஆஸ்பத்திரியில் நிற்கிறதைக் காட்டின என்று, பால்காரன் வந்துபோன நேரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, உன் வீட்டுக்காரி மாசமாக இருக்கிறாளா, முகம் வெளிறிக் கிடக்கிறதே, முருங்கைக்கீரை கொடு என்றாள்.

சவரிநாதன் ஏணியை எடுத்துச் சாய்த்தான். ஒன்பதையும் கழற்றிவிடுகிறேன் என்றான். அம்பலம் ஏணியில் கை வைத்துத் தடுத்தார். திறந்த கண்ணைப் பிடுங்கின ஊர் விளங்காது. ஆளைப் பார்த்தாலும் ஆட்டைப் பார்த்தாலும் கண் கண்தான் என்று சொல்லிவிட்டார். கரண்டை மட்டுமாவது நிறுத்திப் பார்த்தார்கள். டிவி கறுத்தது, கேமராக்கள் கறுத்த முகத்தோடு அவன் போகிற பக்கமெல்லாம் திரும்பின. டிவியில் தெரிகிறதைவிட இது மோசம் என்று சவரிநாதனே திரும்பக் கரண்டைக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு ஊர் அதை எப்படிப் பழகிக்கொண்டதென்றால், மழை பெய்கிறதைப் பழகிக்கொள்கிற மாதிரிதான். முதல் வாரம் நூலகத்து வாசலில் செருப்பு விட இடமில்லை. இரண்டாம் வாரம் பாய் கொண்டுவந்து விரித்தார்கள். மூன்றாம் வாரம் நூறு நாள் வேலை முடிந்து வருகிற பெண்கள் முறம் நிறையப் புளியைக் கொண்டுவந்து வைத்து, கொட்டை எடுத்துக்கொண்டே சவரிநாதன் சட்டை மாற்றுவதையும், கடன்காரன் போனை எடுக்காமல் திண்டாடுவதையும், கண்ணாடியில் நரைமுடி தேடுவதையும் பார்த்தார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, அதுதான் அவனுக்கு அதிகப் பயம் தந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போய்விட்டாய் என்று போன் வரும், ஓடிப்போய்ப் பார்த்தால் பால் பொங்கிக்கொண்டிருக்கும். அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தால் மறுநாள் கேட்பார்கள், ஏனப்பா போர்வைக்குள்ளே கண்ணை முழித்துக்கொண்டு கிடந்தாய் என்று. மூடினால் அந்தக் கண் வெளியே நிற்காது. உள்ளே வந்து பார்க்கும்.

அவன் பக்கத்தில் நிற்கிறவர்களும் படத்தில் விழுந்தார்கள். அதை ரெஜினா தெரிந்துகொண்ட அன்றைக்கு அழவில்லை. ஒரு பையில் நாலு துணியை மடித்து வைத்துக்கொண்டு, வேறு அறையில் நின்று, சுவருக்கு அப்பாலிருந்து பேசினாள்.

“நீங்க ஒரு ஊரையே கூட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள வந்திருக்கீங்க. ரெண்டு பிள்ளைய யாரும் பாக்காமலே பறிகுடுத்தேன். இது பொறக்குறதுக்குள்ள அது உங்கள விட்டுப் போகணும். போனப்புறம் சொல்லுங்க, நானே வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்.”

காரைக்குடியில் அவள் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். அன்றிலிருந்து சவரிநாதன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளிருக்கிற ஊர்ப்பக்கம் போனால் அவனுக்குப் பின்னாலேயே அது வந்துவிடும். போனில் குரலை மட்டும் கேட்டான். வயிற்றில் பிள்ளை உதைக்கிறதா என்று கேட்க வாய் வரும், நூலகத்தில் புளி உரிக்கிறவர்கள் உதட்டசைவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அடக்கிக்கொள்வான்.

இதற்கிடையில் கண்ணெல்லாம் அவன்மேல் இருந்ததால் ஊரில் மறுபடி இரண்டு ஆடு போயின. ஊர் கூடியது. கண்ணைத் திருப்ப முடியாது, ஆனால் கண் பார்க்கிற ஆளைத் திருப்பலாமே என்று ஒருவர் சொன்னார், அது எல்லாருக்கும் நியாயமாகப்பட்டது. சவரிநாதன் கொழுஞ்சியேந்தலில் வந்து இருந்தால் போதும். அவன் எங்கே நிற்கிறானோ அங்கே ஊர் தெரியும். நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறை ஒழித்துக் கொடுத்தார்கள், வீட்டுக்கு ஒரு வேளையாகச் சோறு வந்தது. காலையில் கண்மாய்க்கரை, மத்தியானம் களம், ஆடு அடைகிற நேரத்தில் கீழத்தெரு என்று அவனுக்கு முறை வைத்து நடக்கவிட்டார்கள். சாட்டைக்குப் பயந்த மாடு சுற்றுகிற மாதிரி அவன் சுற்றினான். அவன் நடக்க நடக்க ஒன்பது ஜன்னலிலும் ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. ஒருத்தி மருமகள் வீட்டுப் பக்கம் ரெண்டு நடை கூடுதலாகப் போய்வரச் சொல்லி முட்டை அவித்துக் கொடுத்தாள். ஒருவர் தன் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிட்டால் புண்ணியமாகப் போகும் என்றார். ஆடு களவு நின்றது. உன்னைவிட நல்ல காவல் எங்களுக்கு வாய்க்காதப்பா என்று செகப்பாயி மனசாரச் சொன்னபோது, இனி தன்னை விடமாட்டார்கள் என்பது அவனுக்கு விளங்கியது. ரெஜினாவுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது.

அன்றைக்கு அவன் வேளார் வீட்டுக்கு நடந்துபோய், சூளைக்குப் பக்கத்தில் நின்று, அன்றைக்கு நான் சொன்னது பொய் என்றான். வேளார் மண்ணைப் பிசைகிற கையை நிறுத்தவில்லை. அது தெரியும் அப்பு, நீ வந்து சொல்ல வேண்டுமென்றுதான் இருந்தேன் என்றார். ஒருமுறை திறந்த கண்ணைத் திரும்பத் திறக்க முடியாது; அது பிறக்காத கண்ணாக ஆனால்தான் முடியும், மண்ணென்றால் குழைத்துவிடலாம், இதை என்ன செய்வது என்று கேட்டார்.

அதற்குத்தான் சவரிநாதனிடம் வழி இருந்தது. ஒவ்வொரு கேமராவிலும் மூடிக்குக் கீழே ஊசி நுழைகிற அளவில் ஒரு துளை உண்டு. ஊசியை விட்டு அழுத்திப் பத்து எண்ணினால், அது அதுவரை அறிந்ததையெல்லாம் மறந்து, பெயரும் நம்பரும் இல்லாமல், கம்பெனியில் செய்த அன்றைக்கு இருந்த மாதிரி ஆகிவிடும். ஒரு நிமிஷம் செத்துக்கிடக்கும். அப்புறம் உள்ளே ‘டிக்’கென்று ஒரு சத்தம். கண் முழித்துவிட்டதென்று அர்த்தம். நம்பரை நூலகத்துப் பெட்டியே திரும்பப் போட்டுக்கொள்ளும்.

அவன் நிற்கிற இடம் மட்டுமல்ல, ஒன்பது இடமும் ஒரே நேரத்தில் தெரியும் என்று வேளார் எடுத்துச் சொன்னதில் ஊர் சம்மதித்தது, ஆனால் கட்டுப்பாட்டோடு. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, ஆடுமாடு அடைத்து, நாயைக்கூடக் கட்டிப்போட்டு, வெளியே மூன்று பேர் மட்டும்தான். சவரிநாதன் கறுப்புத் துணியால் முகத்தைச் சுற்றிக் கட்டி, ஏணியில் நின்று தடவித் தடவி ஊசியைவிடுவான். இன்னோர் ஏணியில் வேளார் தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைப் பிடிப்பார். கீழே அம்பலம் சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்று, ஏணியைத் தாங்குவார்.

முதல் நாள் சவரிநாதன் ரெஜினாவுக்குப் போன் செய்து, நாளைக்குப் பதினோரு மணிக்கெல்லாம் முடிந்துவிடும் என்றான். அவள் சரி என்றாள்.

எட்டுக் கண்ணும் நல்லபடியாகத் திறந்தன. ஒவ்வொரு ‘டிக்’குக்கும் சவரிநாதன் உடம்பிலிருந்து ஒரு முள்ளை எடுத்த மாதிரி இருந்தது. பத்தே முக்காலுக்குப் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தார்கள். பதினோரு மணிப் பஸ் வந்து போகட்டும் என்று காத்திருந்தார்கள். பதினொன்றரை ஆயிற்று, வரவில்லை. கொழுஞ்சியேந்தலில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும், பதினோரு மணிப் பஸ் அரைமணி பிந்திவிட்டால் அன்றைக்கு அது வராது. எங்காவது பஞ்சராகி நிற்கும், அப்படியே திரும்பிப் போய்விடும். அதை நம்பித்தான் அந்த ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள் பயணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள், வெளியூர் உறவுக்குக் காத்திராமல் செத்தவர்களை எடுத்திருக்கிறார்கள். அது ஒருநாளும் பொய்த்ததில்லை. அம்பலம், ஆரம்பிப்பா என்றார்.

சவரிநாதன் முகத்தை மூடிக்கொண்டு ஏறினான். ஊசியைவிட்டு எண்ணினான். ஏழு என்கையில் தூரத்தில் ஹாரன் கேட்டது. எட்டு. ஒன்பது. பத்து. ஊசியை எடுத்தான். கேமரா செத்தது.

கீழேயிருந்து அம்பலம் சொன்னார், “அப்பு, பஸ்ஸு வருதே.”

அவன் வலது கைக்குப் பக்கத்தில் அந்த ஒற்றை வயர் இருந்தது. ஒரு இழுப்பு. இழுத்தால் கரண்டு போய்விடும், கண் முழிக்காது, பஸ் போனபிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். கையை வைத்துவிட்டான், நீல வயரின் வழவழப்பு விரலில் பட்டது. ஆனால் மூன்று மாதமாகப் போர்வைக்குள் கண்ணை முழித்துக்கொண்டு கிடந்தவன் அவன். பாதியில் இழுத்தால், கோபித்துக்கொண்ட கண் பழைய முகத்தையே தேடிவந்தால் என்ன செய்வது என்று நினைத்தான். கண்ணாடி இருக்கிறது என்று நினைத்தான். அதற்கும் அடியில், துணிக்குள் வியர்த்து வழிகிற இருட்டில், தனக்கே கேட்காத மாதிரி இன்னொன்றையும் நினைத்தான்: மாட்டினால்தான் என்ன, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் யாரோ ஒருத்தர்தானே, நான் இல்லையே.

“ஒண்ணும் ஆகாது அம்பலாரே, கண்ணாடி இருக்கு” என்றான். வயரை விட்டுவிட்டான்.

பஸ் பக்கத்தில் வந்து நின்றது. புழுதி வந்து மூக்கில் ஏறியது. வேளார் தும்மினார், அவர் ஏணி கிறீச்சிட்டது. கண்டக்டர் குரல் கேட்டது.

“பாத்து, பாத்து எறங்கும்மா. மெதுவா.”

அந்த மாதிரிக் குரலைக் கண்டக்டர்கள் எல்லாருக்கும் கொடுக்கமாட்டார்கள். அதைச் சவரிநாதன் தெரிந்துகொண்டு வயரைத் தேடிக் கையை நீட்டியபோது, காதுக்குப் பக்கத்தில் ‘டிக்’கென்றது.

“என்னங்க” என்றாள் ரெஜினா கீழேயிருந்து. “பதினொண்ணுக்கு முடிஞ்சிரும்னீங்க. வழியில பஞ்சரு.”

அவன் துணியை அவிழ்த்தான். வேளார் கையில் கண்ணாடி ஒரு சாண் ஏறி, அடியில் சந்துவிட்டிருந்தது. அந்தச் சந்துக்கு நேராக ரெஜினா நின்றாள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டு முகத்தை மறைத்திருந்தாள். எல்லாம் முடிந்துவிட்டதென்ற சந்தோஷத்தில், ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக வயிற்றை மூட மறந்திருந்தாள். கேமரா அவனைப் பார்க்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அவளை வேப்பமரத்து நிழலில் உட்கார வைத்து, இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு நூலகத்துக்கு ஓடினான். சாத்திய கதவெல்லாம் திறந்து ஊரே அங்கே முந்திக்கொண்டு வந்திருந்தது. எட்டு ஜன்னலில் ஊர் தெரிந்தது: கண்மாயில் இரண்டு கொக்கு, கருப்பர் கோயில் மணி, பட்டியில் அடைபட்டுக் கத்துகிற ஆடுகள், எல்லாம் முறுக்கி வைத்த இடத்தில் வைத்த மாதிரி. ஆனால் அதை யாரும் பார்க்கவில்லை.

ஒன்பதாவது ஜன்னல் சிவந்து இருட்டியிருந்தது, டார்ச் லைட்டை உள்ளங்கையால் பொத்தினால் விரல் ஓரத்தில் தெரிகிற சிவப்பு. அதற்குள் ஒன்று விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. முதலில் பழுது என்று நினைத்து அம்பலம் டிவியைத் தட்டப்போனார், செகப்பாயி அவர் கையைப் பிடித்தாள். அவள் நாலு பெற்றவள், அவளுக்கு அது என்னவென்று தெரிந்தது. கொட்டைப்பாக்கு அளவில் மூடிய ஒரு கை, மடங்கிய முழங்கால், நெற்றி.

பின்னாலிருந்து ஒரு கிழவர், ஆணா பெண்ணா என்று ஆஸ்பத்திரியில் சொல்லமாட்டார்கள், நம்மூரில் சொல்லிவிடலாம் போலிருக்கிறதே என்றார். யாரும் சிரிக்கவில்லை. இது வளர்ந்து தெருவில் நடக்க எத்தனை வருஷமாகும் என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகக் கேட்டாள். யாரோ பாயை விரித்தார்கள். செகப்பாயி மாத்திரம் உட்காரவில்லை. தன் முந்தானையை எடுத்து அந்த ஜன்னலை மறைத்துப் பிடித்தாள், கை கடுக்கும் வரையில் பிடித்துக்கொண்டு நின்றாள், அப்புறம் கை தாழ்ந்துவிட்டது.

வாசலில் நிழல் விழுந்தது. ரெஜினா நடந்து வந்துவிட்டாள், ஆனால் உள்ளே வரவில்லை, அந்த டிவி இருக்கிற அறைக்குள் கால் வைக்கமாட்டேன் என்று முன்பே போனில் சொல்லியிருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம், மூன்று மாதத்துக்கு முன் சுவருக்கு அப்பாலிருந்து பேசின மாதிரியே நின்று கேட்டாள்.

“போயிருச்சாங்க? நம்மள விட்டுப் போயிருச்சா?”

ஊர் முழுக்கச் சவரிநாதனைப் பார்த்தது. அவன் வாயைத் திறந்தான்.

“போயிருச்சு ரெஜினா” என்றான்.

ஒன்பதாவது ஜன்னலில், அப்பன் குரல் வந்த பக்கமாகப் பிள்ளை மெதுவாகத் தலையைத் திருப்பியது.